நழுவும் கியர், நெருங்கும் கெடு

பதினைந்து வயதை எட்டப்போகும் கார். போலியோ பாதித்த இடது கால். மாதத்துக்கு ஒரு முறை மாறும் விதிகள். கியர்பாக்ஸுக்குச் செலவு செய்யலாமா என்ற கேள்விக்கு மோதி பாக்கில் ஒரு பெண் அதிகாரி தேடிய பதில்.

கார் ஒரேயடியாக நின்றுபோயிருந்தால் குழப்பமே இருந்திருக்காது. இந்தக் கார் நிற்கவில்லை. 2025 மே மாதத்தில் ஒரு மாலை, தௌலா குவான் பக்கமிருந்து ரிங் ரோடில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது மோதி பாக் மேம்பாலத்தின் ஏற்றத்தில் இன்ஜின் திடீரென்று அலறியது. சுழற்சியைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டியது. வேகம் காட்டும் முள் முப்பதிலேயே நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்தியது. அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஒரு குலுக்கல். கியர் பிடித்துக்கொண்டது. கார் ஒன்றும் நடக்காதது போல மேலேறியது.

அடுத்த நாள் காலை சரியாக ஓடியது. அதற்கடுத்த நாளும்தான். மூன்றாம் நாள், குவார்ட்டர்ஸ் வாசலில் ரிவர்ஸ் போட்டபோது இரண்டு மூன்று வினாடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. இனி சாதாரணமாக இருக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

அவருக்கு வயது 57. திருச்சிக்காரர். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வு எழுதி 1990இல் தில்லி வந்தவர். மத்திய அரசில் அசிஸ்டென்டாகத் தொடங்கி அண்டர் செக்ரட்டரி வரை உயர்ந்திருக்கிறார். அலுவலகம் அப்போது சாஸ்திரி பவனில். இரண்டு வயதில் வந்த போலியோ இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. காலிப்பரும் ஒரு ஊன்றுகோலும் துணை. வலது கால் முழு பலத்தோடு இருக்கிறது. அதனால்தான் கிளட்ச் இல்லாத கார்.

போலியோ இன்று இந்தியாவில் ஒரு பழைய சொல். தில்லியில் 1994 அக்டோபர் 2ஆம் தேதி குழந்தைகளுக்கு ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கம் தொடங்கி, அடுத்த ஆண்டு நாடு முழுவதும் பரவியது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. ஆனால் சொட்டு மருந்து வருவதற்கு முன்பே பிறந்துவிட்ட ஒரு தலைமுறை இன்னும் வேலைக்குப் போய் வருகிறது. சட்டம் அவர்களது வண்டிக்கு வைத்திருந்த பெயர்கூட நீண்ட காலம் ‘இன்வேலிட் கேரேஜ்’தான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் அது ‘அடாப்டட் வெஹிகிள்’ ஆயிற்று.

அவர் இந்தக் காரைப் புதிதாக வாங்கியது 2010 டிசம்பரில். நான்கு கியர் ஆட்டோமேட்டிக், வெள்ளை நிறம், சிறிய ரகம். அதற்கு முன் இருபது ஆண்டுகள் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போய் வந்தவர். “மழை நாளில் ஆட்டோக்காரர் ஊன்றுகோலைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுவார். கார் வந்த பிறகுதான் ஆபீஸுக்கு எத்தனை மணிக்குப் போவேன் என்று என்னால் சொல்ல முடிந்தது” என்கிறார்.

‘ஆட்டோமேட்டிக்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அந்தப் பெயரில் ஓடுபவை வெவ்வேறு இயந்திரங்கள். 2014 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டா கார் கண்காட்சியில் அறிமுகமான மாருதி செலேரியோ முதல் இந்தியாவில் பரவிய ஏ.எம்.டி. வகையில், சாதாரணக் கிளட்ச் தகடுதான் இருக்கிறது. காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அதை இயக்குகிறது. அது நழுவினால் கிளட்ச் தகட்டை மாற்றுவதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். சி.வி.டி. வகையில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே உலோகப் பட்டை ஒன்று ஓடுகிறது. இரட்டைக் கிளட்ச் வகை இன்னொன்று. 1990களின் பிற்பாதியில் மாருதி ஜென் ஆட்டோமேட்டிக்கில் வந்ததும், நம் அதிகாரியின் காரில் இருப்பதும், பழைய டார்க் கன்வர்ட்டர் வகை. கார் நழுவுகிறது என்று யாராவது சொன்னால், ‘எந்த வகை’ என்பதுதான் மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அவர் பார்த்த முதல் இரண்டு பேர் அதைக் கேட்கவில்லை.

டார்க் கன்வர்ட்டருக்கு விதை போட்டவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். கப்பல் இன்ஜினின் விசையைத் திரவத்தின் வழியே கடத்த 1905இல் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட விட்டால், காற்று பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அதுதான் தத்துவம். இன்ஜின் சுழலும்போதே கார் நிற்கலாம், கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை. திரவ இணைப்போடு தானாகவே கியர் மாறும் ஹைட்ராமேட்டிக் பெட்டியை 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்றது.

கன்வர்ட்டருக்குப் பின்னால் கியர்கள். அவற்றை மாற்றுவது, எண்ணெயில் ஊறிக்கொண்டே இருக்கும் வட்டத் தகடுகளின் அடுக்குகள். பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பும். அழுத்தம் விழும் அடுக்கு இறுகும். இறுகினால் அந்த கியர். விட்டால் அடுத்தது. ஆக, இந்தப் பெட்டிக்குள் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. அதுவேதான் தகடுகளை அழுத்துகிறது, சூட்டைக் குறைக்கிறது, உராய்வையும் தடுக்கிறது.

நழுவல் என்பது என்ன? வீட்டில் மாவு அரைக்கும் கிரைண்டரின் பெல்ட் தளர்ந்தால் மோட்டார் உறுமும், கல் சுற்றாது. அதேதான் இங்கும். தகடுகளை இறுக்கப் போதுமான அழுத்தம் இல்லை, அல்லது தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு தேய்ந்துவிட்டது. அழுத்தம் குறையக் காரணங்கள் பல: எண்ணெய் அளவு குறைவது, வடிகட்டி அடைப்பது, சீல்கள் கெட்டியாகிக் கசிவது, பம்ப் தேய்வது, வால்வைத் திறக்கும் சொலினாய்டு பழுதாவது. எண்ணெய் குறைவுதான் காரணம் என்றால் சில ஆயிரங்களில் முடியும். பூச்சு போய்விட்டது என்றால் பெட்டியைக் கழற்றியாக வேண்டும். ஒரு வியாதி மற்றதில் கொண்டுபோய் விடும் என்பதுதான் சிக்கல். அழுத்தம் குறைந்தால் தகடு நழுவும். நழுவினால் சூடு. சூட்டில் பூச்சு கருகும், எண்ணெயும் கெடும், சீலும் இறுகும். இறுகிய சீல் இன்னும் கசியும். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், தில்லி நெரிசலில், இதற்கு அதிக நாள் பிடிக்காது.

முதலில் அவர் போனது ஆண்டுதோறும் சர்வீஸுக்கு விடும் பெரிய பட்டறைக்கு. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார்கள். பெட்டியையே மாற்ற வேண்டும், 1,40,000 ரூபாய் ஆகும் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். காரை விற்றால் 90,000 கிடைத்தால் அதிகம். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் பதினான்கு ஆண்டுகளில் பதினான்கு முத்திரைகள். ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஆயில் மாற்றியிருந்தார்கள். 78,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் கியர்பாக்ஸ் எண்ணெயை ஒருமுறைகூட மாற்றியதாகப் பதிவில்லை. ஏன் என்று கேட்டார். “இது லைஃப்டைம் ஆயில், மேடம்” என்றார் கவுன்டரில் இருந்த இளைஞர். யாருடைய லைஃப் என்று அவர் திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது, குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோரும் போகும் பேட்டை மெக்கானிக். ஒரு டப்பா மருந்து ஊற்றினால் சரியாகும், இல்லாவிட்டால் மெஷின் வைத்து அழுத்தத்தோடு எண்ணெயைச் சுத்தமாகக் கழுவிவிடலாம் என்றார். மலிவு, ஒரே நாள் வேலை. இங்கே அவசரப்படாமல் இருந்தது நல்லதாயிற்று. தேய்ந்த பெட்டியில், பூச்சிலிருந்து உதிர்ந்த துகள்கள் ஆங்காங்கே படிந்து கிடக்கும். அழுத்தத்தோடு கழுவினால் அவை கிளம்பிப் போய் வால்வுகளின் நுண்ணிய வழிகளில் உட்காரக்கூடும். ‘எண்ணெய் மாற்றிய பிறகுதான் கெட்டுப்போச்சு’ என்ற புலம்பல் பலவற்றின் பின்னணி இதுவே. ஏற்கெனவே சாகக் கிடந்த பெட்டிக்குப் புது எண்ணெய் மீது பழி விழுவதும் உண்டு.

மூன்றாவது ஆளை அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். ஆட்டோமேட்டிக் பெட்டிகளை மட்டுமே பார்க்கும் வயதான சர்தார்ஜி. இடம் மோதி நகர். மோதி பாக் தெற்கில், மோதி நகர் மேற்கில். வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகள் இடம் மாறிப் போய் இறங்கும் பெயர்கள். கயிறு கட்டி இழுத்துவந்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கூடாது என்று போனிலேயே தடுத்துவிட்டார் சர்தார்ஜி. இன்ஜின் ஓடாதபோது பம்ப்பும் ஓடாது. விசை போகும் சக்கரங்கள் தரையில் உருண்டால் பெட்டிக்குள் எண்ணெய் இல்லாமல் எல்லாம் உராயும். தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். 1,800 ரூபாய்.

அவர் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பு டிப்ஸ்டிக்கை உருவினார். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. இந்த வகைக் காரில் இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், பிரேக்கை மிதித்தபடி கியர் கம்பியை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். சில நிறுவனங்களின் கார்களில் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கையேடு சொல்வதே சட்டம். நல்ல எண்ணெய் சிவப்பாக, கண்ணாடிபோல இருக்கும். இவருடையது அளவில் குறைவு. நிறம் கருமை. துணியில் துடைத்து அவரது மூக்கருகே நீட்டினார் சர்தார்ஜி. கருகிய வாசனை. “பஹன்ஜி, இது பால் பொங்கி அடுப்பில் விழுந்த வாசனை மாதிரி. ஒரு தடவை வந்தால் போகாது.”

அடித்தட்டைக் கழற்றினார்கள். உள்ளே காந்தம் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறக் களிம்பு கொஞ்சம் படிந்திருந்தால் அது வயதின் அடையாளம், பயமில்லை. பளபளக்கும் உலோகச் சில்லுகள் கிடந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது என்று பொருள். இங்கே சில்லுகள் இல்லை. ஆனால் எண்ணெய்க்கு அடியில் கறுப்புப் பொடி நிறைய. தகட்டின் பூச்சு. சக்கரத்துக்குப் போகும் அச்சின் சீல் ஒன்று கசிந்து, மாதக்கணக்கில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது.

சர்தார்ஜி மூன்று வழிகளைச் சொன்னார். சீலை மாற்றி, வடிகட்டியை மாற்றி, கழுவாமல் பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றுவது: 6,500 ரூபாய். மூன்று மாதம் ஓடலாம், மூன்று நாளும் ஓடலாம். மாயாபுரியில் பிரித்துப்போட்ட வண்டியிலிருந்து பழைய பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்துவது: 25,000. அது எத்தனை வயது, எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, பெட்டியை இறக்கிப் பிரித்து, தகடுகள், சீல்கள் எல்லாவற்றையும் மாற்றி, கன்வர்ட்டரையும் சுத்தம் செய்வது: 48,000. இரண்டு வாரம். ஓராண்டு பொறுப்பு.

இங்குதான் தில்லியின் விசேஷமான கேள்வி வந்தது. கார் இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருக்க அனுமதி?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில், பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்றது. 2015 ஏப்ரலில் டீசல் வண்டிகளுக்குப் பத்து ஆண்டுகள் என்று வரம்பு வைத்தது. 2018 அக்டோபர் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. கிலோமீட்டர் கணக்கில்லை, புகை அளவு கணக்கில்லை. பிறந்த தேதி மட்டுமே கணக்கு. இவருடைய காருக்கு அந்தத் தேதி 2025 டிசம்பர். ஏழு மாதம்.

திருச்சியிலிருந்து தம்பி போனில் சொன்னார்: “அக்கா, ஏழு மாசத்துக்கு அரை லட்சமா? பேசாம கபாடிக்குப் போட்டுடு. ஓலாவோ ஊபரோ வெச்சுக்கோ.”

கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். வீட்டிலிருந்து அலுவலகம் எட்டு கிலோமீட்டர். வாடகைக் காருக்குச் சராசரி 225 ரூபாய். போக வர, மாதம் 22 நாள்: 9,900. ஏழு மாதத்துக்கு 69,300. சொந்தக் காரில் மாதம் 352 கிலோமீட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் சுமார் 29 லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 2,800, ஏழு மாதத்துக்கு 19,500. அதோடு ரிப்பேர் 48,000. மொத்தம் 67,500. தராசு ஏறக்குறைய சமமாக நின்றது.

மெட்ரோ? மோதி பாக்கில் சர் விஸ்வேஸ்வரய்யா பெயரில் ஸ்டேஷன் 2018 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஐ.என்.ஏ.வில் மாறினால் சென்ட்ரல் செக்ரடேரியட். ஸ்டேஷனுக்குள் லிஃப்ட் இருக்கிறது, குறையில்லை. குறை ஸ்டேஷனுக்கு வெளியே. உடைந்த நடைபாதை, அதில் ஏறி நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், ரிங் ரோடைக் கடக்கும் தூரம். காலிப்பர் போட்ட காலுக்கு ஸ்டேஷன்வரை போவதே பயணத்தில் பாதி.

கணக்குக்குள் வராத வரிகள் சிலவும் இருந்தன. வாடகைக் கார் குவார்ட்டர்ஸ் உள்ளே வர மறுத்து மெயின் ரோடில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கோ, தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டத்துக்கோ போய்விட்டு ராத்திரி திரும்ப, யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது என்பதற்கு விலை எவ்வளவு? அந்த இடத்தை அவர் காலியாக விட்டார்.

இன்னொரு வாதமும் இருந்தது. வயது முடிந்த காரை ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாம். தமிழ்நாட்டில் தில்லியைப் போல வயதுத் தடை இல்லை. ஓய்வுக்குப் பிறகு திருச்சிதான். ஓடுகிற கியர்பாக்ஸ் என்றால் அது கார். நழுவுகிற கியர்பாக்ஸ் என்றால் எடைக்குப் போடும் இரும்பு. 48,000 ரூபாயை ஏழு மாதத்தால் வகுப்பதே தவறு என்று அவருக்குத் தோன்றியது. பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டார்.

பிரித்துப் பார்த்ததில், ஒரு அடுக்கின் தகடுகள் மட்டும் வெறும் இரும்பாக இருந்தன. மற்றவை பரவாயில்லை. எல்லாவற்றையுமே மாற்றினார்கள். ஒன்றுக்காக மறுபடி இறக்குவதைவிட அது மேல். இரண்டு வாரம் என்றது மூன்று வாரமாயிற்று. கூடுதலாக 3,000 ரூபாய். ஜூன் மூன்றாம் வாரம் கார் வந்தது.

வந்த பத்தாம் நாள் தில்லி அமர்க்களப்பட்டது. வயது முடிந்த வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் பெட்ரோல், டீசல் போடக்கூடாது என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருந்தது. பங்குகளில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள். இரண்டே நாளில் எதிர்ப்பு கிளம்ப, தில்லி அரசே நிறுத்திவைக்கக் கேட்டது. ஆணையம் நவம்பர் 1க்குத் தள்ளிவைத்தது. ஆகஸ்ட் 12ஆம் தேதி, வயதைக் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17ஆம் தேதி அந்தப் பாதுகாப்பைச் சுருக்கியது: பி.எஸ்.-4க்கும் அதற்குப் பிந்தைய தரத்துக்கும் மட்டும் பாதுகாப்பு, பி.எஸ்.-3க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இல்லை.

தில்லியில் பி.எஸ்.-4 கட்டாயமானது 2010 ஏப்ரல் 1ஆம் தேதி. அவர் கார் வாங்கியது அதே ஆண்டு டிசம்பரில். எட்டு மாதம் தள்ளி வாங்கியதன் பலன் பதினைந்து ஆண்டு கழித்துக் கிடைத்தது. மோதி பாக் குடியிருப்பில், அவருக்கு ஓராண்டு முன்னால் கார் வாங்கிய பக்கத்து பிளாக்காரருக்கு அந்த யோகம் இல்லை. அவருடைய வண்டிக்கு கியர்பாக்ஸில் ஒரு குறையும் கிடையாது.

எல்லாம் முடிந்துவிடவில்லை. பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்தால் தகுதிச் சோதனைக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். கோர்ட் இன்னொரு நாள் இன்னொன்று சொல்லலாம். “எதிர்காலத்துக்கு ஏற்பாடு செய்ய முடியவில்லை. எண்ணெய்க்காவது ஏற்பாடு செய்யலாமே” என்கிறார் அவர். காரின் பழக்கங்கள் மாறியிருக்கின்றன. காலையில் கிளப்பியதும் அரை நிமிடம் நிறுத்திவைக்கிறார். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றுமுன் வண்டி முழுதாக நிற்கிறது. சிக்னலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் நியூட்ரல். மாதத்தில் ஒரு ஞாயிறு டிப்ஸ்டிக்.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, கண்ணாடியின் மூலையில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. சர்தார்ஜி குர்முகியில் எழுதியதற்குக் கீழே அவர் தமிழில் எழுதியிருக்கிறார்: அடுத்த கியர் எண்ணெய், 98,000 கிலோமீட்டர்.